வெள்ளிக்கிழமைதோறும் செத்துப்போன ஜாவா

நான் எழுதிய நிரல் ஒன்று மூன்று வெள்ளிக்கிழமைகள் தொடர்ந்து செத்தது. திங்கள் காலை எழுப்பிவிடுவேன். செவ்வாய், புதன், வியாழன் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். வெள்ளி சாயங்காலம் ஆறு மணியை ஒட்டி மூச்சை நிறுத்திவிடும். அடுத்த திங்கள் நான் வரும்போது முதலாளி வாசலிலேயே நின்று சிரிப்பார். "என்னா மகள், ஒங்க மெஷினும் வெள்ளிக்கிழமை விரதம் புடிக்குதா?" என்பார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். நேராக உள்ளே போவேன்.

மாத்தளையில் அலுவிகாரையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே இறங்கும் பாதையில் அந்த மிளகுக் கொட்டகை இருக்கிறது. கொட்டகை என்றால் முதலாளிக்குப் பிடிக்காது, 'ஃபெக்டரி' என்றுதான் சொல்ல வேண்டும். பல்லேபொலப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களிலிருந்து பச்சை மிளகு மூட்டை மூட்டையாகத் திரீவீலரில் வந்து இறங்கும். பின்னறையில் நான்கு உலர்த்திகள் காலையிலிருந்து இருட்டும் வரை சூடாக ஓடும். வெளிநாட்டில் வாங்குகிறவர்களுக்கு மிளகு மட்டும் போதாது. ஒவ்வொரு அரைமணிக்கும் எந்த உலர்த்தியில் எவ்வளவு சூடு இருந்தது என்ற பதிவும் கூடவே போக வேண்டும். இடையில் ஒரு நாள் விடுபட்டாலும் மொத்தச் சரக்கையும் சந்தேகப்படுவார்கள். ஒருமுறை அப்படித் திரும்பி வந்த சரக்கை முதலாளி இன்னும் மறக்கவில்லை.

அந்தப் பதிவைக் கையால் எழுதிவந்தவர் ஓர் அக்கா. அரைமணிக்கு ஒரு தரம் நான்கு உலர்த்திகளிடமும் போய், கண்ணாடியைத் துடைத்து, சூட்டைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவார். ஞாயிறும் எழுதுவார், தைப்பொங்கலன்றும் எழுதுவார். அவருக்குப் பதிலாக வேறு ஆட்களை வைத்துப் பார்க்காமல் இல்லை. வந்தவர்கள் காலைத் தேநீரைக் குடித்துக்கொண்டே சாயங்காலம் வரைக்குமான சூட்டை ஒரே மூச்சில் எழுதி முடித்துவிட்டார்கள். அதனால் முதலாளி அக்காவைத் தவிர வேறு யாரையும் நம்புவதில்லை.

அக்காவுக்கு ஒரே மகள். தூரத்துத் தேயிலை மலைப் பக்கம், தலவாக்கலையில் கட்டிக்கொடுத்திருந்தார். மகளுக்கு அது முதல் பிரசவம். புருஷன் கொழும்பில் வேலை, மாமியார் படுத்த படுக்கை. அக்கா லீவு கேட்டபோது முதலாளி நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்துவிட்டு என்னைக் காட்டினார். "இந்த மகள் செய்யிற மெஷின் ஒரு முழுக் கிழமை, ஏழு நாளும் விடாம எழுதட்டும். நடுவுல ஒரு ஓட்டை இருக்கக்கூடாது. அன்னிக்கே நீ கெளம்பு, நான் தடுக்க மாட்டேன்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். ஆனால் அந்தப் பயத்தின் பாரம் முழுவதும் அன்றைக்கு என் தலையில் வந்து உட்கார்ந்தது. நான் ஜெயித்தால் ஒரு தாய் மகளிடம் போகலாம். நான் தோற்றால் அக்கா கொப்பியும் கையுமாக உலர்த்திகளுக்கு முன்னால் நிற்க, மகள் ஆஸ்பத்திரியில் தனியாகப் பெற்றெடுப்பாள்.

நான் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உலர்த்திகளில் சூட்டை உணரும் கருவிகளைப் பொருத்தி, பின்னறைச் சுவரில் கைப்பிடியளவு கணினி ஒன்றை மாட்டினேன். அதில் ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் ஒன்று அரைமணிக்கு ஒரு தரம் நான்கு சூட்டையும் படித்து ஒரு கோப்பில் எழுதும். அந்தக் கணினிக்குத் திரையோ விசைப்பலகையோ கிடையாது. முன்பக்க ஒஃபீஸில் உள்ள கணினியில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து, அதன் வழியாகப் பின்னறைக் கணினியோடு பேசுவேன். நிரலைக் கிளப்பிவிடக் கட்டளைகள் அடங்கிய ஒரு சின்ன ஸ்கிரிப்ட். அதன் பெயரைத் தட்டி, முடிவில் 'பின்னணியில் ஓடு' என்று சொல்லும் ஒரு குறியைப் போட்டால் போதும், அது பாட்டுக்கு ஓடும். ஒவ்வொரு முறை சூட்டைப் படிக்கும்போதும் கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து விழும். ஒஃபீஸில் கணக்கு எழுதுபவர் ஒரு முஸ்லிம் அண்ணன், எல்லோரும் நானா என்றே கூப்பிடுவோம்; அவருக்கு அதைப் பார்ப்பதென்றால் உயிர். "தங்கச்சி, அத மூடாதீங்க, டீவி பாக்குற மாதிரி இருக்கு" என்பார். அவருக்காகவே வாரம் முழுவதும் அந்தத் திரையைத் திறந்து வைத்திருந்தேன்.

முதல் வெள்ளிக்கிழமை செத்தபோது கரண்டைச் சந்தேகப்பட்டேன். சாயங்காலம் மாத்தளை முழுக்க விளக்குப் போடும் நேரம், மின்னழுத்தம் விழுந்திருக்கும் என்று நினைத்து ஒரு பேட்டரிப் பெட்டியை வாங்கிப் பொருத்தினேன். இரண்டாவது வெள்ளியும் செத்தது. நினைவகம் நிரம்பியிருக்கும் என்று நிரலில் பாதியை உடைத்துத் திரும்ப எழுதினேன். மூன்றாவது வெள்ளியும் செத்தது. நேரம்கூட ஒரே நேரமாக இல்லை. கடைசி வரி ஒருமுறை ஐந்தரைக்கு, ஒருமுறை ஆறுக்கு, ஒருமுறை ஆறரைக்கு. இந்த ஊர் வெள்ளிக்கிழமைக்கும் என் ஜாவாவுக்கும் என்ன ஜென்மப் பகை என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

கறுப்புத் திரையை மூடினால் அதில் கிளப்பிய நிரலும் கூடவே செத்துப்போகலாம் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். அப்படிச் சாகாமல் காப்பாற்ற ஒரு கட்டளை இருப்பதும் தெரியும். ஆனால் நான் சோதித்துப் பார்த்திருந்தேனே! சோதனைக்காக நிமிடத்துக்கு ஒரு வரி என்று வைத்து நிரலைக் கிளப்பிவிட்டு, திரையை மூடி, பின்னறைக்கு ஓடிப்போய்ப் பார்ப்பேன். கணினியின் சின்ன விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும், கோப்பில் வரிகள் வந்துகொண்டிருக்கும். ஒரு முறையா, இருபது முறை பார்த்தேன். அதனால் காரணம் அதுவல்ல என்று அந்தப் பக்கத்தையே கிழித்துப் போட்டுவிட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அதற்கும் ஒரு படி மேலே போனேன்.

வெள்ளிக்கிழமைகளில் நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போனால் திரும்பி வரமாட்டார். எனக்கு அன்றைக்கு டவுனில் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு, நாலு மணிக்கே பஸ் ஏறிவிடுவேன். ஆறு மணிக்கு அங்கே இருப்பது முதலாளியும் அக்காவும் மட்டும்தான். முதலாளியைச் சந்தேகப்பட முடியுமா? சொந்தக் காசு போட்டு மெஷின் வாங்கியவர். மிச்சம் அக்கா. மெஷின் வந்தால் வேலை போய்விடும் என்று யாருக்குத்தான் பயம் வராது என்று என் கெட்ட புத்தி கணக்குப் போட்டது.

மூன்றாவது திங்கட்கிழமை நேராகப் பின்னறைக்குப் போனேன். "அக்கா, உண்மையச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை நீங்கதானே இத நிப்பாட்டுறீங்க?" என்று கேட்டேன்.

அக்கா கொப்பியிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "எம்புள்ள அங்க வயித்தத் தள்ளிக்கிட்டு ஒத்தையில கெடக்கு. இது ஓடுனாத்தான் நான் போவலாம். நான் ஏம்மா நிப்பாட்டப் போறேன்?" என்றார். குரல் உயரவில்லை. அதற்குள் அரைமணி ஆகிவிட்டது, எழுந்து இரண்டாவது உலர்த்தியின் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. வகுப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இந்த வெள்ளிக்கிழமை என் கண்ணாலேயே பார்ப்பது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஒஃபீஸின் மூலையில், மிளகுச் சாக்குகளுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். ஐந்தரைக்கு முதலாளி குளித்துவிட்டு வெள்ளை வேட்டியும் விபூதியுமாக வந்தார். கையில் ஒரு தட்டு. அதில் சந்தனம், குங்குமம், பூ, கற்பூரம். வெள்ளிக்கிழமைதோறும் தராசுக்கும் உலர்த்திகளுக்கும் பெட்டகத்துக்கும் சந்தனம் வைத்துக் கும்பிடுவது அவர் வழக்கமாம். கணினி வந்ததிலிருந்து அதற்கும் உண்டாம். எனக்கு அது தெரியவே தெரியாது. தராசுக்கு வைத்தார், பெட்டகத்துக்கு வைத்தார், கணினிக்கு முன்னால் வந்தார். திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"கறுப்பு" என்று முணுமுணுத்தார். மவுஸைப் பிடித்து, அந்தத் திரையின் மேல் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியில் கொண்டுபோய் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். கறுப்புத் திரை காணாமல் போனது. அதற்குப் பின்னால் அவர் வைத்திருந்த முருகன் படம் பளிச்சென்று வந்தது. திருப்தியாகத் தலையாட்டி, மானிட்டரின் நெற்றியில் சந்தனத்தை வைத்து, அதன்மேல் குங்குமத்தையும் வைத்தார்.

நான் கத்திய கத்தலில் கற்பூரத் தட்டு அவர் கையில் ஆடியது. "முதலாளி! என்னா செஞ்சீங்க?"

"என்னா மகள், இங்கயா இருந்தீங்க? வெள்ளிக்கிழமையும் அதுவுமா சாமிக்கு முன்னால கறுப்பு இருக்கலாமா? ஒவ்வொரு கிழமையும் நாந்தான் சுத்தம் பண்றேன்" என்றார். கொலையைச் செய்துவிட்டு அதைப் பெருமையாகவும் சொல்கிறார் மனுஷன்!

பின்னறைக்கு ஓடினேன். விளக்கு மினுங்கவில்லை. நிரல் செத்துக் கிடந்தது. திரையை மூடினால்தான் சாகிறது என்றால், நான் இருபது தரம் மூடியபோது ஏன் சாகவில்லை? நான்காவது உலர்த்தியின் பக்கத்தில் நின்று யோசித்தேன். அப்போதுதான் உறைத்தது. நான் அந்தப் பெருக்கல் குறியை என் வாழ்நாளில் அழுத்தியதே இல்லை. வேலை பழகிய காலத்திலிருந்தே 'எக்ஸிட்' என்று தட்டி, முறைப்படி விடைபெற்றுத்தான் வெளியே வருவேன். கை தானாக அதைச் செய்யும். சொல்லிக்கொண்டு போனால், என் கட்டளைகளை வாங்கி நடத்தும் ஷெல் பின்னணியில் ஓடுவதைத் தொந்தரவு செய்யாது. சொல்லாமல் கதவை அறைந்து சாத்தினால், 'இணைப்பு அறுந்துவிட்டது' என்று தன்னிடம் கிளம்பிய எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டுச் சாகும். அந்தச் செய்தி காதில் விழுந்ததும் ஜாவாவும் சாகும். இருபது முறை சோதித்தேனே தவிர, இருபது முறையும் என் கையாலேயே, என் பழக்கத்தின்படியே சோதித்திருக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா இல்லை.

திரும்ப ஒஃபீஸுக்கு வந்து கறுப்புத் திரையைத் திறந்தேன். முதலாளி கற்பூரத்தை அணைய விடாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு நின்றார். ஸ்கிரிப்டைத் திருத்தினேன். ஜாவா என்ற சொல்லுக்கு முன்னால் 'நோஹப்' என்ற ஒரே ஒரு சொல். அது அந்த மரணச் செய்தி விழாதபடி நிரலின் காதைப் பொத்திவிடும். திரையில் எழுதுவதை நிறுத்தி, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் கொட்டச் சொன்னேன்; நானா அந்தக் கோப்பைக் கறுப்புத் திரையில் பார்த்துக்கொள்ளலாம். விசைப்பலகையிலிருந்து எதையும் எதிர்பார்க்காதே என்றும் சொன்னேன். கடைசியில் வழக்கமான பின்னணிக் குறி. மொத்தத்தில் ஒரு வரி. மூன்று வாரம் நான் பட்ட பாட்டுக்கு மருந்து அந்த ஒரு வரிதான்.

சோதிக்க மட்டும் நிமிடத்துக்கு ஒரு வரி என்று வைத்து நிரலைக் கிளப்பிவிட்டு எழுந்தேன். "முதலாளி, இப்ப மூடுங்க."

"நான் மூடவா?"

"நீங்கதான். ஒங்க கையாலயே. ஒங்க மாதிரியே."

அவர் தட்டை மேசையில் வைத்துவிட்டு, பயந்து பயந்து பெருக்கல் குறியை அழுத்தினார். பின்னறைக்கு நான் ஓடவில்லை, நடந்துதான் போனேன். அக்கா சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். விளக்கு மினுங்கியது. என் மடிக்கணினியை எடுத்து, அதன் வழியாகக் கோப்பைத் திறந்தேன். புதிய வரி ஒன்று வந்து விழுந்திருந்தது. பத்து முறை திரையைத் திறந்து நிரலைக் கிளப்பி, முதலாளியைப் பத்து முறை மூட வைத்தேன். பத்தாவது முறை அவருக்கே குஷி பிறந்துவிட்டது. "சாவ மாட்டேங்குதே!" என்று சிரித்தார். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன மன்னிச்சிருங்கக்கா" என்றேன். அக்கா, "அது கெடக்கு. இனி ஓடுமா?" என்று மட்டும் கேட்டார். ஓடும் என்றேன்.

திங்கட்கிழமை நானா கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இவ்வளவு கஷ்டம் ஏன் தங்கச்சி? அந்தக் கறுப்ப மஞ்சளா மாத்தியிருந்தா முதலாளி மூடியே இருக்க மாட்டாரே" என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். ஆனால் யார் மூடினாலும் சாகாமல் இருப்பதுதான் எனக்கு வேண்டும். முதலாளிதான் மசியவில்லை. "அடுத்த வெள்ளிக்கிழமையும் தாண்டட்டும், கிழமை முழுசாவட்டும், அப்பறம் அவள அனுப்புறேன்" என்றார்.

வயிற்றுப் பிள்ளையோ முதலாளியின் கெடுவுக்காகக் காத்திருக்கவில்லை. வியாழன் காலை பத்தே முக்கால் போல தலவாக்கலையிலிருந்து போன் வந்தது. வலி முன்னமே வந்துவிட, மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஒஃபீஸுக்கு வந்து முதலாளிக்கு முன்னால் நின்றார். "வலி வந்துருச்சாம் ஐயா" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார், நாட்காட்டியைப் பார்த்தார். "நாளைக்குத்தானே வெள்ளி" என்று இழுத்தார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. "வெள்ளிக்கிழமையை இன்னிக்கே வச்சுக்குங்க முதலாளி. தட்ட எடுத்துட்டு வாங்க. எத்தன தடவ வேணும்னாலும் மூடுங்க. கணினியோட வயரையே புடுங்குங்க. ஒரு வரி கொறஞ்சாலும் அக்கா திரும்பி வர்ற வரைக்கும் நானே கொப்பிய எடுத்துக்கிட்டு இங்க நிக்கிறேன். ஞாயித்துக்கெழமையும் நிக்கிறேன்" என்றேன். என் குரல் பின்னறை வரைக்கும் கேட்டிருக்கும். நானா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

முதலாளி எழுந்தார். மூடினார். திறக்கச் சொல்லி மறுபடி மூடினார். பிறகு, நான் சொன்னதை உண்மையாகவே எடுத்துக்கொண்டு, ஒஃபீஸ் கணினியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் பின்னறைக்குப் போனோம். பதினொன்றுக்கு இன்னும் நாலு நிமிடம் இருந்தது. பதினொன்றானதும் விளக்கு ஒருமுறை நீளமாக மினுங்கியது. மடிக்கணினியில் நான்கு சூடும் வரிசையாக வந்து விழுந்தன. அக்கா பழக்கதோஷத்தில் கண்ணாடிகளைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் எழுதியிருக்கு" என்றார்.

"ஹரி, ஹரி, போ" என்று சிங்களத்திலேயே சரி சொன்னார் முதலாளி. கையில் இன்னும் அந்த வயர் இருந்தது. "நிக்காம போ. கண்டி பஸ் இப்ப வரும்." அக்கா கொப்பியை மூடி என் கையில் கொடுத்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு, நானா பிடித்து வந்த திரீவீலரில் ஏறினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதலாளி முறைப்படி பூஜை செய்தார். கறுப்புத் திரையை மூடினார், சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். இந்தத் தடவை பின்னறைச் சுவரில் இருந்த கைப்பிடிக் கணினிக்கும் ஒரு பொட்டு. ஆறு மணிக்கு ஒரு வரி விழுந்தது, ஆறரைக்கு ஒன்று, ஏழுக்கு ஒன்று. ஒவ்வொரு வரிக்கும் நான் கையைத் தட்டினேன். பார்க்க ஆளில்லாததால் துள்ளியும் குதித்தேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ பெரிய நிறுவனங்களுக்கு நிரல் எழுதியிருக்கிறேன். எதற்கும் இப்படிக் குதித்ததில்லை.

சனிக்கிழமை காலை, அங்கே என்ன வேலை என்று எனக்கே தெரியாமல், நானும் ஒஃபீஸுக்கு வந்திருந்தேன். போன் அடித்தது. முதலாளி எடுத்து, கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

"பொம்பளப் புள்ளம்மா. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க" என்றார் அக்கா. பின்னால் குழந்தையின் அழுகை கேட்டது.

"ஓடுதா?" என்று கேட்டார்.

"ஓடுதுக்கா. ஒரு வரி கொறையல."

ஒரு நாள் லீவு வேண்டுமென்றாலும் முதலாளியின் மேசைக்கு முன்னால் கைகட்டி நின்று கேட்பவர் அக்கா. இந்த முறை யாரையும் கேட்கவில்லை.

"அப்ப ஐயாக்கிட்ட சொல்லிரும்மா. நான் நாப்பது நாளும் முடிச்சிட்டுத்தான் வருவேன்."